குதிரை ஏறும் வண்டி எப்படி இருக்க வேண்டும்?

கூக்கால்!

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையையும் தாண்டி, மலை மடிப்பில் இருக்கிற ஊர் இது. பக்கத்தில் ஏரி. அதற்கு அப்பால் சோலைக்காடு. சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாம் இங்கே விளைகின்றன. இந்த வட்டாரத்தின் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விளைந்தது பெரிதல்ல. அதைத் தோட்டத்திலிருந்து சாலைக்குக் கொண்டு வர வேண்டுமே! அந்த ஒற்றையடிப் பாதையில் லாரி போகாது. டிராக்டரும் போகாது.

குதிரை போகும்!

கூக்கால், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை முழுவதும் குதிரைக்கு வேலை உண்டு. உயரத்தில் சின்னது, உழைப்பில் பெரியது. இரண்டு பக்கமும் மூட்டையைத் தொங்கவிட்டால், வழுக்கும் பாதையில் அடி பார்த்து வைத்து ஏறும்.

எப்போதும் பொதி சுமக்கிற அந்தக் குதிரையை ஒரு வண்டி சுமக்க வேண்டிய நாளும் வரும். புதிதாக வாங்கிய குதிரையைச் சந்தையிலிருந்து கொண்டு வரும் நாள்! நோயுற்ற குதிரையை மருத்துவமனைக்குக் கொண்டு போகும் நாள்!

அன்றைக்கு எந்த வண்டியைப் பிடிப்பது? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கூடவே போகிற மனிதர் எங்கே உட்காருவது? இரவு தங்க நேர்ந்தால் எங்கே படுப்பது?

இதில் தவறு நேர்ந்தால் குதிரையின் கால் ஒடியும். குதிரையின் கால் ஒடிந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பே ஒடிந்துபோகும்.

நடந்தே ஏறிய காலம்

முன் காலத்தில் இந்தக் கவலை இல்லை. குதிரை தன் காலாலேயே மலை ஏறிற்று.

1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து, கும்பக்கரை வழியாக, வெள்ளகவி வழியாக, செங்குத்தான பாதையில்தான் ஏற வேண்டும். சிலர் நடந்தார்கள். சிலர் டோலியில் போனார்கள். சிலர் குதிரையில் போனார்கள். அந்த வெள்ளகவி கிராமம் அதன் பிறகும் நெடுங்காலம் வண்டிப் பாதை இல்லாமல், குதிரைகளை நம்பியே வாழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு மலைச்சாலை, பழனியிலிருந்து ஒரு மலைச்சாலை. இரண்டும் பெருமாள்மலையில் சேர்ந்து கொடைக்கானலுக்குப் போகின்றன. இப்போது குதிரையும் லாரியில் ஏறித்தான் மலைக்கு வருகிறது.

பந்தயத்தை வென்ற வண்டி

குதிரையை வண்டியில் ஏற்றுவது யாருக்குத் தோன்றிய யோசனை? அதற்கு ஒரு சுவையான கதை உண்டு.

ஆண்டு 1836. இங்கிலாந்தில் டான்காஸ்டர் என்னும் ஊரில் பெரிய குதிரைப் பந்தயம். அதில் ஓட வேண்டிய எலிஸ் என்ற குதிரையோ, தெற்கே வெகு தொலைவில் குட்வுட் என்னும் இடத்தில் இருந்தது. நடுவே 200 மைலுக்கு மேல்! அந்தக் காலத்தில் பந்தயக் குதிரையை நடத்தித்தான் கூட்டிப் போவார்கள். பந்தயம் நெருங்கியும் எலிஸ் புறப்படவில்லை. “இனி அது வந்து சேராது” என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்போது ஜார்ஜ் பென்டிங்க் என்னும் பிரபு ஒரு காரியம் செய்தார். உள்ளே மெத்தை தைத்த பெரிய கூண்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். எலிஸை அதில் ஏற்றினார். வேறு குதிரைகள் அதை இழுத்தன. சில நாட்களிலேயே டான்காஸ்டர் வந்து சேர்ந்தது வண்டி. எலிஸ் களைப்பே இல்லாமல் இறங்கிற்று. பந்தயத்தையும் ஜெயித்தது!

நடந்து வந்திருந்தால் ஜெயித்திருக்குமா? சந்தேகம்தான். நல்ல வண்டி குதிரையின் பலத்தைக் காப்பாற்றும் என்று அன்றைக்கே உலகம் தெரிந்துகொண்டது.

லாயமும் வீடும் ஒரே வண்டியில்!

அதன் பிறகு வண்டிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்போது ஒரு வகை வண்டி உண்டு. பின் பாதியில் குதிரை நிற்கும். முன் பாதியில் மனிதர் தங்குவார். கட்டில் இருக்கும். சமையல் மேடை இருக்கும். தண்ணீர்த் தொட்டி இருக்கும். குளியல் அறைகூட இருக்கும். சில லாரிகளில் டிரைவர் தலைக்கு மேலேயே படுக்கை போட்டிருப்பார்கள். சில வண்டிகளுக்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார் வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்வார்கள். அதற்கு டிரெய்லர் என்று பெயர்.

பார்த்தால் ஆசையாக இருக்கும். வாங்க வருகிறவர் நேரே முன் அறைக்குள் போவார். கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். அடுப்பைத் திருகிப் பார்ப்பார். “பேஷ்!” என்பார். விலை பேசிவிடுவார்.

குதிரை நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாரா? பார்க்கவில்லை!

தவறு அங்கேதான் தொடங்குகிறது. குதிரை நிற்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். மனிதர் படுக்கும் இடத்தைப் பிறகு பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கெட்டியான சுவர் இருக்க வேண்டும். பல லட்சம் பெறும் அயல்நாட்டு வண்டிக்கும் இதுதான் விதி. சந்தையில் வாடகைக்குப் பிடிக்கும் லாரிக்கும் இதுதான் விதி.

முதலில் தரையைப் பாருங்கள்

குதிரை பயணம் முழுவதும் நின்றுகொண்டே வரும். நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். குதிரைக்குக் கையில்லை. நாலு குளம்புதான் அதற்குப் பிடிமானம். ஆகவே தரைதான் உயிர்.

மரப்பலகையானால், சிறுநீர் ஊறி ஊறி அடியில் உளுத்துப்போகும். மேலே ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் தெரியவே தெரியாது. விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். திருப்புளியால் பலகையைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். தகடானால் துரு உண்டா, அரிப்பு உண்டா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்தும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்!

ஓடும் வண்டியில் தரை உடைந்தால் குதிரையின் கால் கீழே இறங்கி, ஓடும் சாலையில் உராயும். முன்னால் இருக்கிற டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கொடுமையை நினைத்துப் பாருங்கள்.

தரை வழுக்கவும் கூடாது. லாடம் அடித்த குளம்பு வெறும் இரும்புத் தகட்டில் எண்ணெய் பட்டது போல் வழுக்கும். முரட்டு ரப்பர் விரிப்போ, கயிற்றுப் பாயோ வேண்டும். அதன் மேல் வைக்கோலைத் தாராளமாகப் பரப்பலாம். வைக்கோல் மட்டும் போட்டால் அது காலோடு நகர்ந்துவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

“நாலு என்ன, ஆறு குதிரைகூட ஏத்தலாம் அண்ணே! தாராளமா நிக்கும்!” என்பார் வண்டிக்காரர்.

நம்பிவிடாதீர்கள். இதற்குச் சட்டம் இருக்கிறது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் கீழ் 1978இல் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன. குதிரை, கோவேறு கழுதை, கழுதை மூன்றுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. பிறகு 2015இல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தார்கள். ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே நிலையான தடுப்பு வேண்டும் என்று அது சொல்கிறது.

2.25 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 24 சதுர அடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரியின் தட்டு 16 அடி நீளம், 7 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 112 சதுர அடி. அதை 24ஆல் வகுத்தால் நாலரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அரைக் குதிரை என்று ஒன்று உண்டா? கிடையாது! ஆகவே நாலு குதிரைதான். ஐந்தாவதை ஏற்றக் கூடாது.

1978 விதிகள் இன்னும் சில சொல்கின்றன. குதிரைகளுக்கு நடுவே 8 சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள மூங்கில் கழி கட்ட வேண்டும். பின்னால் சாய்ந்து விழாமல் இரண்டு கெட்டியான குறுக்குச் சட்டம் வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல், குதிரையின் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கூடவே ஒரு ஆள் போக வேண்டும். வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பயணம் செய்யத் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும்.

சினைக் குதிரையையும் குட்டியையும் மற்றவற்றோடு கலந்து ஏற்றக் கூடாது. இதுவும் விதிதான்.

எடையைக் கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. வெறும் வண்டியின் எடையும் அதில் சேரும்.

தங்கும் அறை உள்ள டிரெய்லர் ஒன்று, எல்லாம் சேர்ந்து 3,500 கிலோ வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் வண்டியே 2,000 கிலோ. மிச்சம் 1,500. இரண்டு பெரிய குதிரை ஏறினால் 1,100 போய்விடும். மிச்சம் 400. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ. சேணம், தீனி, படுக்கை, பாத்திரம், காஸ் சிலிண்டர் எல்லாம் ஏறும். கடைசியில் மிச்சம் ஒன்றும் இருக்காது!

அறை எவ்வளவு ஆடம்பரமோ, குதிரைக்கு அவ்வளவு எடை குறையும். இதை விற்கிறவர் சொல்ல மாட்டார். வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வளைவும் பிரேக்கும்

பழனி மலைச்சாலையிலே கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பின்னால் இழுத்து வரும் டிரெய்லர் அந்த வளைவில் முன்வண்டி போன தடத்திலேயே வராது. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுப்பதும் கஷ்டம். ஆகவே மேல்மலை போன்ற இடத்துக்கு ஒரே உடலாக உள்ள லாரியோ வேனோதான் தோது. டிரெய்லர் சமவெளிக்கு ஏற்றது.

டிரெய்லரே வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். அதற்குத் தனி பிரேக் உண்டா? கொக்கி உறுதியாக இருக்கிறதா? தப்பித் தவறிக் கொக்கி கழன்றால், தானே பிரேக் பிடிக்கும்படி செய்யும் அவசரக் கம்பி உண்டா?

டயரையும் பாருங்கள். அதிகம் ஓடாமல் வெயிலில் கிடந்த வண்டியின் டயர் புதிது போலத் தோன்றும். பக்கவாட்டில் மயிரிழை போல வெடித்திருக்கும். பாரம் ஏறிய பிறகு வெடிக்கும்.

பிறகு டிரைவர். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிரைவர் முரடரானால் பயன் இல்லை. திடீரென்று பிரேக் போட்டால் குதிரை முன்னால் மோதும். வளைவில் வேகமாகத் திருப்பினால் பக்கத்தில் சரியும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சின் பலத்திலேயே வண்டியைத் தாங்கி இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓயாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

தளும்பத் தளும்பத் தண்ணீர் உள்ள குடத்தை வண்டியில் வைத்து ஓட்டுவது போல ஓட்ட வேண்டும். அதுதான் கணக்கு!

காற்றும் தண்ணீரும்

குதிரை மூக்கால்தான் மூச்சு விடும். நாய் போல, மனிதர் போல வாயால் மூச்சு விட அதனால் முடியாது. சிறுநீர் நெடியும் வைக்கோல் தூசியும் மூடிய வண்டிக்குள் தங்கிவிட்டால் அதன் நுரையீரல் கெடும். மலைக் குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக மூடிவிடுவது தவறு. முகத்தில் நேரே வாடை அடிக்காமல், மேல் பக்கம் காற்றுப் போக வழி வேண்டும்.

கயிற்றையும் கவனியுங்கள். தலையை உயரத் தூக்கிக் கட்டிவிட்டால் குதிரை மூக்கில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. அதற்குத் தலையைத் தாழ்த்த வேண்டும். பல மணி நேரம் தாழ்த்த முடியாமல் போனால் பயணக் காய்ச்சல் வரும். நுரையீரலில் சீழ் பிடித்துக் குதிரை சாகவும் கூடும். அதற்காகக் கயிற்றை நீளமாக விட்டால் காலைப் போட்டுச் சிக்கிக்கொள்ளும். ஆகவே நடுத்தரமாக விட்டு, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். கையில் ஒரு கத்தியும் இருக்கட்டும். சிக்கினால் கயிற்றை அறுக்க!

மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர் காட்டுங்கள். தலையைத் தாழ்த்த விடுங்கள். புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது. வீட்டுத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டு போவது புத்திசாலித்தனம். தண்ணீர் குடிக்காத குதிரைக்கு வயிற்று வலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஆகவே அதன் வயிற்று வலி நம் வயிற்று வலி போலச் சாதாரணம் அல்ல. உயிருக்கே ஆபத்து.

மனிதர் எங்கே படுப்பது?

இப்போது தங்கும் அறைக்கு வருவோம்.

முதல் விதி: வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. முன்வண்டி டிரைவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. கொக்கி கழன்றால் தப்ப வழி இல்லை. கூடப் போகிற ஆள் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். லாரித் தட்டில் குதிரையின் காலடியில் குந்திக்கொண்டு வருவது தைரியம் அல்ல. குதிரை மிரண்டால் அந்த இடத்தில் ஒதுங்க ஓர் அடிகூட இருக்காது.

இரண்டாவது விதி: நெருப்பு. குதிரை வண்டியில் வைக்கோல் இருக்கும். தங்கும் அறையில் அடுப்பு இருக்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது! சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படியும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே போகும் ஓட்டை வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிட வேண்டும். தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். அறைக்கு இரண்டு வழி வேண்டும். ஒரு வழியில் தீ நின்றால் மறு வழியில் ஓடலாம்.

மூன்றாவது விதி மிக மிக முக்கியம். குளிர் காய்வதற்காக மூடிய வண்டிக்குள் கரி அடுப்போ காஸ் அடுப்போ மூட்டிவிட்டுப் படுக்காதீர்கள். நெருப்பு காற்றைக் குடித்துவிட்டு, கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவைக் கக்கும். அதற்கு மணம் இல்லை. நிறம் இல்லை. தூங்குகிறவர் இருமக்கூட மாட்டார். காலையில் எழுந்திருக்கவும் மாட்டார். குளிர் ஊர்களில் இப்படி உயிர் போன செய்திகள் எத்தனையோ முறை வந்திருக்கின்றன. டிசம்பரிலும் ஜனவரியிலும் மேல்மலையில் உறைபனி விழும். அப்போது இந்த ஆசை வரும். கம்பளி இன்னொன்று போர்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு வேண்டாம்.

நான்காவது விதி: குதிரைக்கும் மனிதருக்கும் நடுவே சுவர் வேண்டும் என்றோமே, அது எதற்கு? நெடிக்காக மட்டும் அல்ல. நோய்க்காகவும்தான். கிளாண்டர்ஸ் என்று குதிரைக்கு ஒரு கொடிய நோய் உண்டு. மூக்கில் சீழ் வடியும். தோலில் கட்டி கட்டியாக வரும். அது மனிதருக்கும் தொற்றும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்கிறது. சந்தையில் மூக்கு ஒழுகும் குதிரையைக் கண்டால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வாங்கிய குதிரையை ஊரில் உள்ள மற்றக் குதிரைகளோடு உடனே கட்டாமல், மருத்துவர் சொல்லும் வரை தனியாகவே கட்டி வையுங்கள்.

அந்தியூரிலிருந்து கூக்காலுக்கு

இவ்வளவும் ஒரு பயணத்தில் எப்படிச் சேரும்? பார்ப்போம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். கூக்கால் விவசாயி ஒருவர் அங்கே இரண்டு மட்டக்குதிரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட மகன் வந்திருக்கிறான்.

அங்கிருந்து ஈரோடு, தாராபுரம், பழனி வந்து, மலை ஏறி, கொடைக்கானல், பூம்பாறை தாண்டி ஊர் சேர வேண்டும். வழி 200 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 35 கிலோமீட்டர் என்றால் ஓட்டத்துக்கு மட்டும் 6 மணி நேரத்துக்குக் குறையாது. நிறுத்தித் தண்ணீர் காட்டும் நேரம் தனி. ஒரே மூச்சில் வந்தால் இருட்டில், மூடுபனியில், வளைவுகளில் ஏற நேரிடும்.

அப்படிச் செய்ய வேண்டாம். பழனி அடிவாரத்தில் இரவு தங்குவதே நல்லது. குதிரைகளை வண்டியிலிருந்து இறக்கி, நடக்க விட்டு, வைக்கோலும் தண்ணீரும் வைக்க வேண்டும். தகப்பனும் மகனும் மாறி மாறி விழித்திருந்து, குதிரைகள் தெரியும் தூரத்தில், குதிரைகளின் கால் எட்டாத தூரத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகு மலை ஏறலாம். வெளிநாட்டு வண்டியில் உள்ள கட்டிலும் அலமாரியும் இவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த வண்டி தர வேண்டிய பாதுகாப்பு முழுவதும் இவர்களுக்கும் கிடைத்துவிடும்!

ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவசரம் கூடாது. கெட்டியான சாய்பலகை வேண்டும். அது செங்குத்தாக இருக்கக் கூடாது. மண்மேட்டோடு வண்டியை ஒட்டி நிறுத்தினால் சரிவு குறையும். குதிரை தயங்கினால் அடிக்காதீர்கள். இருட்டுக் குகைக்குள் போகச் சொன்னால் யார்தான் தயங்க மாட்டார்கள்? உள்ளே வெளிச்சம் இருக்கட்டும். பழகிய குதிரையை முதலில் ஏற்றினால் மற்றது பின்னால் வரும்.

இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழுங்கள். பிறகு பின்சட்டத்தை எடுங்கள். மாற்றிச் செய்தால், பின்னால் வழி திறந்ததைக் கண்ட குதிரை பின்வாங்கும். கயிறு தலையை இழுக்கும். மிரண்டு மல்லாக்க விழும். நேர் பின்னால் நிற்கவும் கூடாது. எப்போதும் பக்கத்தில் நில்லுங்கள்.

சாவியைத் திருப்பும் முன்

முன்பணம் கொடுக்கும் முன் வண்டிக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். விரிப்பைத் தூக்கித் தரையைக் காட்டுவாரா? ஒவ்வொரு குதிரைக்கும் தடுப்பு உண்டா? ஆள் அவசரமாக வெளியே வர ஒரு சின்னக் கதவு உண்டா? காற்றுப் போக வழி உண்டா? கூட வருகிறவருக்கு முன்னால் இடம் உண்டா? டிரைவர் மலைப் பாதை பழகியவரா?

எல்லாவற்றுக்கும் “உண்டு” என்றால் ஏற்றுங்கள். ஒன்றுக்கு “இல்லை” என்றாலும் அடுத்த வண்டியைப் பாருங்கள். வாடகை நூறு இருநூறு கூடலாம். கூடட்டும்!

இன்னும் ஒரு சோதனை பாக்கி. வண்டி புறப்படும் முன் குதிரை நிற்கப் போகும் இடத்தில் நீங்கள் ஏறி நில்லுங்கள். கையால் எதையும் பிடிக்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் கால் வழுக்கினால் குதிரையின் காலும் வழுக்கும். உங்களுக்கு மூச்சு முட்டினால் அதற்கும் முட்டும்.

அந்தக் குதிரைதான் நாளைக்கு உங்கள் தோட்டத்துப் பூண்டு மூட்டையைச் சுமந்து, வழுக்கும் பாதையில் ஒரு தடவைகூடக் கீழே போடாமல் கொண்டு வந்து சேர்க்கப் போகிறது. அதை ஒரு நாள் சுமந்து வருகிற வண்டியும் அதைக் கீழே போடாமல் கொண்டு வர வேண்டாமா?